நாற்பத்து நான்கு வயதில் டிரையத்லான் தேவையா?

கேள்வி: எனக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகள். டிரையத்லான் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. "இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களால் இது முடியுமா?

முடியும். ஒரே சொல்லில் நிறுத்திவிட்டு உறங்கப் போயிருப்பேன். அந்தத் 'தேவையா' என்னை விடமாட்டேன் என்கிறது. எட்டு ஆண்டுகளாக அதைக் கேட்டுச் சலித்தவள் நான். என் கணவர் இரவு பதினோரு மணிவரை கிரிக்கெட் பார்க்கிறார். அதுவும் முடிவு தெரிந்த பழைய ஆட்டங்களை. தேவையா என்று அவரை யாரும் கேட்டதில்லை. (அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

எனக்கு இப்போது 51 வயது. சென்னையில் ஒரு வங்கியில் வேலை. 43-இல் தொடங்கினேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பரிசு வாங்கியவள் அல்ல, பயிற்சியாளரும் அல்ல, மருத்துவரும் அல்ல. சத்து மாவு எதையும் விற்கவும் வரவில்லை. சென்ற முறை இதைப்பற்றி எழுதியபோது "விளம்பரம்" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டார். யாருக்கு விளம்பரம் என்று கேட்டேன், பதில் இல்லை.

தெரியாதவர்களுக்காக: நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். சிறியது ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப்போல் இரு மடங்கு. அதற்கு மேல் 70.3 என்று ஒன்று. மைல் கணக்கில் வைத்த பெயர், நம் கணக்கில் 113 கிலோமீட்டர். முழு அயர்ன்மேன் அதற்கும் இரு மடங்கு, 226 கிலோமீட்டர். கடைசியாகச் சொன்னதன் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். திருநெல்வேலியில் குறுக்குத்துறைப் பக்கம் எங்கள் வீடு. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும். வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏழு வயதில் சித்தி என் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தாமிரபரணியில் இறக்கினார். பத்து வயதில் அக்கரை தொட்டுத் திரும்பி வருவேன். பதின்மூன்று வயதில் பெரியவளானேன். அதோடு ஆறு முடிந்தது. போகக் கூடாது என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டுக் குளியலறையில் புதிதாக ஒரு அண்டா வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

சரியாக முப்பது வருடம் கழித்து நீச்சல் குளத்துக்குப் போனேன். பெண்களுக்கான நேரம் காலை 11 முதல் 12 வரை என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போகும் பெண் நீந்தவே மாட்டாள் என்று எண்ணி யாரோ போட்ட நேரம். வேறு வழியில்லாமல் காலை 6 மணிப் பொதுநேரத்தில் சேர்ந்தேன். கணுக்கால்வரை மூடும் நீச்சலுடை. முதல் பத்து நாள் எல்லோரும் பார்த்தார்கள். பதினோராவது நாள் யாரும் பார்க்கவில்லை. பார்வைக்கும் அலுப்பு வரும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

நான் ஒரு சுற்றுப் போய்வந்ததும் பயிற்சி தரும் பையன் சொன்னான்: "மேடம், நீங்கள் நீந்தவில்லை, முங்காமல் இருக்கிறீர்கள்." ஆற்றுப் பழக்கம், தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும். ஃப்ரீஸ்டைலில் முகத்தை உள்ளே வைத்து, மூச்சைத் தண்ணீருக்குள் குமிழியாக விட்டு, பக்கவாட்டில் திரும்பி வாயால் இழுக்க வேண்டும். தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்கு என் உடம்பு சம்மதிக்கவே இல்லை. மூச்சு இரைக்காமல் 25 மீட்டர் கடக்க ஏழு வாரம் ஆனது. எட்டு வயதுப் பிள்ளைகள் பக்கத்துப் பாதையில் மீன்குஞ்சுகளைப்போலப் போய்க்கொண்டிருந்தார்கள்.

2020 தொடக்கத்தில், என் 45-ஆவது வயதில், முதல் ஸ்பிரிண்ட். சென்னைக்குத் தெற்கே கடலில். சைக்கிள் மகனுடையது. குளத்தில் 1,000 மீட்டர் நீந்தியவளுக்கு 750 என்ன கணக்கு என்று இறங்கினேன். கடலில் அடியில் கோடு இல்லை, பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. சுற்றிலும் கை, கால். யாரோ உதைத்ததில் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஒரு வாய் உப்புத் தண்ணீர். அதற்குப் பிறகு மூச்சு வெளியே போகிறதே தவிர உள்ளே வரவில்லை. மார்பின்மேல் ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. கையைத் தூக்கினேன்.

துடுப்புப் படகில் ஒரு பையன் வந்தான். குப்பத்துப் பையன், இருபது வயதிருக்கும். படகைப் பிடித்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்து, பிடிக்காமல் தத்தளித்துக்கொண்டிருந்தேன். விதி அப்படி இல்லை. படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. உங்களுக்கு வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

"அக்கா, எந்த ஊர்?" என்று கேட்டான் அவன். செத்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தேன். திருநெல்வேலி என்றேன்.

"ஆற்றில் எப்படி நீந்துவீர்கள்?"

"தலையைத் தூக்கிக்கொண்டு."

"அப்படியே போங்கள்."

டிரையத்லானில் எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம். ஃப்ரீஸ்டைல்தான் என்ற கட்டாயம் இல்லை. இதுவும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மீதித் தூரத்தைக் குறுக்குத்துறை நீச்சலிலேயே முடித்தேன், தலை தூக்கி, மஞ்சள் மிதவையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு. 31 நிமிடம். கரையேறியபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் என் மகனுடைய சைக்கிள் மட்டும் தனியாக நின்றது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, சிரிக்கிற விஷயம் அல்ல. டிரையத்லானில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சல் பகுதியில்தான் நேர்கின்றன. நடுவயதிலும் அதைத் தாண்டியும் உள்ள ஆண்கள் அதில் அதிகம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடலில் தனியாக ஒருநாளும் பயிற்சி செய்யாதீர்கள். 'பயமுறுத்துகிறாள்' என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும்.

பிறகு கொரோனா, குளங்களை மூடிவிட்டார்கள். வங்கி ஊழியர்களுக்கு ஊதிய ஒப்பந்த நிலுவை வந்தபோது நகை வாங்காமல் 42,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரோட் பைக் (சாலைப் பந்தயச் சைக்கிள்) வாங்கினேன். பணக்காரர் விளையாட்டு என்பீர்கள். பாதி உண்மைதான், நுழைவுக் கட்டணம், பயணம், விடுதி எல்லாம் சேர்ந்தால் கை சுடும். ஆனால் அதே மாதம் அலுவலகத் தோழி அதைவிட அதிகம் போட்டு வளையல் வாங்கினார். அவரிடமும் யாரும் 'தேவையா' கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.45-க்குத் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 70.3-இன் சைக்கிள் தூரமும் அதுவே. நாய்களுக்கு என் மஞ்சள் சட்டை பழகிவிட்டது. கார்காரர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

சைக்கிள் என்றதும் எங்கள் குடியிருப்புச் சங்கம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சொல்லாமல் போனால் தூக்கம் வராது. லிஃப்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்று எனக்காகவே ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அதே லிஃப்டில் கேஸ் சிலிண்டர் போகிறது, சோபா போகிறது, நான்காம் மாடி நாய் ஈரக் காலோடு போகிறது. ஒன்பது கிலோ சைக்கிள் போனால் சுவரில் கீறல் விழுமாம். கீழே வைக்கலாம் என்றால், விருந்தினர் நிறுத்துமிடத்தில் செயலாளரின் இரண்டாவது கார் நிற்கிறது. பொதுக்குழுவில் கேட்டேன். "மேடம், இந்த வயதில் எதற்கு வம்பு?" என்றார். அவருக்கு என்னைவிட ஆறு வயது கூட. இன்றுவரை மூன்று மாடி தோளில் சுமந்துதான் ஏறுகிறேன். அறிவிப்பும் இன்னும் இருக்கிறது. அதில் 'சைக்கிள்' என்பதில் ஒற்றெழுத்தே இல்லை.

சரி, வயது. ஆண்கள் எனக்கு அனுப்பும் உதாரணம் எப்போதும் மிலிந்த் சோமன்தான். ஐம்பதை நெருங்கும்போது 2015-இல் சூரிச்சில் முழு அயர்ன்மேன் முடித்தார் என்று. அவர் இளமையில் தேசிய நீச்சல் வீரர். நமக்கும் அவருக்கும் என்ன ஒட்டு? எனக்குப் பிடித்தவர் மடோனா பியூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி. ஓடத் தொடங்கியதே 48 வயதில். 2012-இல் 82 வயதில் கனடாவில் முழு அயர்ன்மேனை முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நீச்சலுக்கு வந்தவர். 2018-இல் ஹவாயில் முடித்தபோது 85 வயது. இவர்களைச் சொன்னால் வீட்டில் "அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்" என்பார்கள். என் வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

உடம்பு ஒத்துழைத்ததா என்றால், முழுவதும் இல்லை. 47-இல் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து முதல் அடி வைத்தால் ஆணி இறங்கும். ஐந்து மாதம் ஓட்டமே இல்லை. மாதவிடாய் நிற்கும் காலம் வேறு. இரண்டு மாதம் வராது, வந்தால் இரண்டு வாரம் போகாது. ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கி, மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது வயதாகிவிட்டது என்றே முடிவுகட்டினேன். இரும்புச்சத்து மாத்திரையும் மருத்துவரின் கவனிப்பும் சேர்ந்து நான்கு மாதத்தில் சரியானது. இளைஞர்கள் ஓர் இரவு படுத்தெழுந்தால் மறுநாள் தயார். எனக்கு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு முழு நாள் வேண்டும். அதைக் கொடுக்காமல் ஏமாற்றிய ஒவ்வொரு முறையும் வட்டியோடு கட்டினேன்.

கோவா 70.3 மீராமார் கடற்கரையில். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், மொத்தம் 8 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அன்று எனக்கு 49 வயது. ஆனால் இதில் வயதைப் போட்டி நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை, அந்த ஆண்டின் டிசம்பர் 31-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். நான் டிசம்பரில் பிறந்தவள். 50–54 பிரிவில் போட்டுவிட்டார்கள். அரசாங்கமே இன்னும் 49 என்கிறது, இவர்களுக்கு என்ன அவசரம் என்று கோபம் வந்தது.

நீச்சல் 55 நிமிடம். இந்த முறை பாதி ஃப்ரீஸ்டைல், பாதி குறுக்குத்துறை. சைக்கிளுக்கு மாறும் இடத்தில் 11 நிமிடம் போனது. வெட்கக்கேடு, கால் மணலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி; அவசரத்தில் அந்த வார் இரண்டு முறை வழுக்கியது. சைக்கிளில் 4 மணி 9 நிமிடம். சட்டைப் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். சக்தி தரும் என்று விற்கிற விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் பயிற்சியிலேயே வயிற்றைக் கலக்கிவிட்டன. யார் என்ன சிபாரிசு செய்தாலும் போட்டியன்று புதிதாக எதையும் தின்னாதீர்கள்.

மறுபடி மாறுவதற்கு 8 நிமிடம். ஓட்டம் தொடங்கியபோது உச்சி வெயில். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது தொடை இரண்டும் வேறு யாருடையதோபோல இருக்கும்; அதையும் பழக வேண்டும். 14-ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தேன். தலையில் தண்ணீர் ஊற்றினேன், ஷூவுக்குள் குளம் கட்டியது. ஒவ்வோர் அடிக்கும் சளக், சளக் என்றது. அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே போனேன். ஓட்டம் 2 மணி 56 நிமிடம். மொத்தம் 8 மணி 19.

ஊர் திரும்பியதும் அத்தை கேட்டார், "எத்தனையாவது?"

"என் பிரிவில் நான்காவது, அத்தை."

"எத்தனை பேரில்?"

"முடித்தவர்கள் நான்கு பேர்."

கொஞ்ச நேரம் என் வெயில்பட்ட முகத்தையே பார்த்தார். மாலையில் மாடிப்படியில் ஏறிவரும்போது அவர் குரல் கேட்டது. செயலாளரின் மனைவியிடம், "எங்கள் மருமகள் கோவாவில் நான்காவதாக வந்திருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.