தைராய்டு குறைவால் கொட்டிய முடியும் வறண்ட தோலும் பழையபடி ஆகுமா?

"டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை எண்) நார்மலுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் முடி கொட்டுவது நிற்கவில்லை, தோலும் செதில் செதிலாகவே இருக்கிறது. இது சரியாகுமா, ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். தோல் சீக்கிரம் ஆகும், முடி ரொம்ப மெதுவாக ஆகும். இரண்டு மாதம் என்பது முடியின் கணக்கில் ஒன்றுமே இல்லை. அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம்.

மற்றவர்களுக்கு என் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், வயது 44. மாத்திரை அளவெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் உங்கள் குளியலறையே கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் போகும் சல்லடையில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு முடிச்சுருள் கிடக்கும். வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டிருப்பீர்கள். எண்ணியும் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை 212 வரை எண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். நல்ல தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் 212 அதிகம்தான்.

நாங்கள் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு, மேடவாக்கம் பக்கம், குடிவந்த இரண்டாம் வருடம் இது ஆரம்பித்தது. அதனால் சந்தேகமே இல்லாமல் போர்த் தண்ணீர் மேல் பழி போட்டேன். காவிரித் தண்ணீரில் வளர்ந்த முடிக்கு இந்த உப்புத் தண்ணீர் எப்படி ஒத்துக்கொள்ளும்? அடுக்ககத்தின் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். வீட்டுக்கு 7,000 ரூபாய் வசூலித்து, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தார்கள். அதற்குத் தொடர்ந்து உப்பு போட வேண்டும். நாலு மாதம் போட்டார்கள். அப்புறம் உப்பு வாங்க நிதியில்லை என்றார்கள். அதே மாதம் வாசல் வளைவுக்கு வண்ண விளக்கு மாட்ட மட்டும் நிதி இருந்தது. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "மேடம், நீங்க எப்பவுமே நெகட்டிவ்வா பேசறீங்க" என்று வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டார் செயலாளர். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளிடம் கணக்குக் காட்ட மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? சரி, அது வேறு கதை. அந்தக் கருவி இன்னும் மோட்டார் அறையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

விஷயம் என்னவென்றால், தண்ணீரோடு சண்டை போட்டதில் எனக்கு ஒன்றரை வருடம் போய்விட்டது. மற்ற அறிகுறிகள் எல்லாம் கண் முன்னால் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் போல உரிந்தது, ஏசி காரணம் என்றேன். முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, தூக்கம் போதவில்லை என்றேன். கத்திரி வெயிலில் போர்வை கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். குரல் கம்மிப்போய், கூரியர்காரர் போனில் "சார், கீழ நிக்கறேன் சார்" என்பார். திருத்தவும் அலுப்பாக இருக்கும். ஐந்தாவது நாள் நிற்க வேண்டிய மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் போனது, வயசாகிறது என்றேன்.

உள்ளங்கை மஞ்சளானதும் மாமியார் காமாலை என்று முடிவு கட்டி, பத்து நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார். அன்போடுதான் கொடுத்தார், குறை சொல்லவில்லை. ஆனால் காமாலையில் கண் வெள்ளையும் மஞ்சளாகும், எனக்குக் கண் வெள்ளையாகவே இருந்தது. காரட், பூசணி, கீரையில் இருக்கும் கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றும் வேலை தைராய்டு குறைந்தால் மந்தமாகிவிடும், மாறாத கரோட்டின்தான் தோலில் மஞ்சளாகத் தெரிகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கண்டுபிடித்தது கும்பகோணத்தில் எங்கள் பழைய டாக்டரம்மா. நான் போனது அம்மாவின் சர்க்கரைக்கு. அம்மாவைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, புருவத்துக்குத் திரெடிங் பண்றியா?" என்றார். மூன்று வருடமாகப் பண்ணவில்லை என்றேன். "அப்ப ஓரத்துல இருந்த முடி எங்க போச்சு?" என்று கண்ணாடியைக் காட்டினார். இரண்டு புருவத்திலும் வெளி ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். தினமும் பொட்டு வைக்கக் கண்ணாடி பார்க்கிறவள், கவனிக்கவே இல்லை. அப்புறம் நாற்காலியில் மண்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே தசைநாணில் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் வெடுக்கென்று எகிறியது சரி, ஆனால் ஏசி அறைக் கதவு தானாக மூடுமே, அந்த வேகத்தில் மெல்ல மெல்லத் திரும்பியது. "இந்தக் கால் சொல்லிடுச்சு. பேருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கோ" என்றார். டி.எஸ்.எச். 86. தைராய்டு குறையக் குறைய இந்த எண் ஏறும். அந்தச் சோதனைக்கூடத்தில் 4.5 வரைதான் நார்மல்.

தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 100க்குப் போனது. முதலில் சரியானது வியர்வை. ஐந்தாவது வாரம் தோசை வார்க்கும்போது மூக்கு நுனியில் வியர்த்தது. முந்தைய வருடம் முழுக்க எனக்கு வியர்த்ததாக நினைவே இல்லை. அதன் பிறகு முக உப்பல் வடிந்தது. தைராய்டு குறைந்தால் தோலுக்கு அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு பசைப்பொருள் சேருமாம், அதனால்தான் விரலால் அழுத்தினாலும் அந்த வீக்கத்தில் குழி விழாது. மூன்றாம் மாதம் கால் செதில் அடங்கியது. வெறும் மாத்திரையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டேன், உடம்பில் ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினேன், குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு போட்டேன். முன்பும் இதையெல்லாம் செய்திருக்கிறேன், பிடிக்கவில்லை. உள்ளே சரியான பிறகுதான் வெளியே தடவியது பிடித்தது.

முடிதான் என்னை ஏமாற்றியது. மூன்றாம் மாதக் கடைசியில் முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. நாத்தனார் வந்திருந்தாள். சீப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இந்த மாத்திரை ஆரம்பிச்ச அப்புறம்தானே இப்படிக் கொட்டுது? நிறுத்திப் பாருங்களேன்" என்றாள். அவள் சொன்னதில் லாஜிக் இருப்பதாகவே பட்டது. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை, அதுவே ஒரு தைரியம். உடம்பில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் நிறுத்தியது உடனே தெரியாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி குளிர், மறுபடி கம்மல் குரல். டி.எஸ்.எச். 52. டாக்டரம்மா திட்டவில்லை, பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன். ஒவ்வொரு முடியும் சில வருடம் வளரும், அப்புறம் மூன்று மாதம் போல வேரிலேயே சும்மா ஓய்ந்திருக்கும், அதன் பிறகே உதிரும். தைராய்டு குறைந்தால் நிறைய வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இன்று சல்லடையில் பார்க்கிற முடி இன்று கெட்டதில்லை, மூன்று மாதத்துக்கு முன்பே கணக்கு முடிந்துபோனது. மாத்திரை வேலை செய்து வேர் விழித்துக்கொண்டதும் கீழிருந்து புது முடி வரும், ஓய்ந்திருந்த பழைய முடி இடத்தைக் காலி செய்யும். நான் பயந்து நிறுத்தியது சரியாக அந்தச் சமயத்தில். முதல் சில மாதங்களில் தற்காலிகமாக முடி கொட்டலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்திருந்தால் அரை வருடம் மிஞ்சியிருக்கும்.

உங்களுக்கு ரிப்போர்ட் நார்மலாகி இரண்டு மாதம்தான். இப்போது கொட்டுவது ரிப்போர்ட் கெட்டிருந்த காலத்து முடி. ஆறு மாதமாவது போகட்டும். எனக்கு இரண்டாம் தடவை ஆரம்பித்து ஐந்து மாதம் கழித்துத்தான் வகிட்டின் இரு பக்கமும் குட்டிக்குட்டியாக நட்டுக்கொண்டு முடி தெரிந்தது. பிறகு மாதம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு அரை அடிகூட இல்லை. முன்னால் இருந்த இடுப்பு வரை பின்னல் வேண்டுமென்றால் விரலை மடக்கி நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. விளம்பரம் பார்த்து முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். தரைமட்டம், டி4 (ரத்தத்தில் தைராக்சின் அளவு) எகிறியிருந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "முடிக்கு ஏதாவது சாப்பிடறியா?" அதிக அளவு பயோட்டின் சில வகை ரத்தப் பரிசோதனைகளையே குழப்பிவிடுமாம். 2017ல் அமெரிக்க மருந்து நிர்வாகம்கூட எச்சரிக்கை விட்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால், எண் சரியாகவே இருந்தது. நீங்கள் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் எனக்குக் குறைந்திருந்தது இரும்பு. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. எட்டு ஒன்பது நாள் ரத்தப்போக்கு இருந்தால் வேறு எப்படி இருக்கும்? தைராய்டால் ரத்தம் போகிறது, ரத்தம் போவதால் இரும்பு குறைகிறது, இரண்டும் சேர்ந்து முடியைப் பிடுங்குகிறது. தைராய்டு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் நீங்களும் ஃபெரிட்டினைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். காபியும் அப்படித்தான், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கும்பகோணத்துக்காரிக்கு காலையில் டிகாக்ஷன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று மற்றவர்களுக்குப் புரியாது.

இப்போது சிலர் வருவீர்கள், தெரியும். "ஆயுசுக்கும் மாத்திரையா? மருந்துக் கம்பெனிக்குக் கொண்டாட்டம்தான்" என்று. என் தாத்தாவே நாட்டு வைத்தியர், கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்றைக்கும் அதைத்தான் தேய்க்கிறேன், தலைக்குக் குளிர்ச்சி. ஆனால் கழுத்துச் சுரப்பி சுரக்காததைத் தைலம் சுரக்க வைக்காது. இந்த மாத்திரையில் இருப்பது உடம்பு தானே செய்துகொண்டிருந்த அதே பொருள். 1891ல் இங்கிலாந்தின் நியூகாஸ்லில் ஜார்ஜ் மர்ரி என்ற டாக்டர், இதே நோய் முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தார். அந்தம்மா அதற்குப் பிறகு 28 வருடம் இருந்தார். எனக்கு அந்தக் கணக்கு போதும். சென்னை உட்பட 8 நகரங்களில் எடுத்து 2013ல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அத்தனை பேரும் கம்பெனிக்காகவா நோய் வாங்கிக்கொண்டார்கள்?

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் சொன்னதெல்லாம் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டுவதற்கு. வட்டமாகப் புழுவெட்டு மாதிரி விழுந்தாலோ, வருடக் கணக்கில் உச்சி மட்டும் மெலிந்துகொண்டே வந்தாலோ, அது வேறு சங்கதியாக இருக்கலாம். தைராய்டு நார்மலானால் அதுவும் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தோல் டாக்டரைப் பாருங்கள், பார்லர் பெண் சொல்வதைக் கேட்டு ஹேர் ஸ்பாவுக்கு 4,000 ரூபாய் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. பின்னல் தோளைத் தாண்டிவிட்டது, முன்பிருந்த கனம் இல்லை, முக்கால்வாசி என்று சொல்லலாம். தோல் பற்றி யோசிப்பதே இல்லை. இடது புருவம் முழுசாக வந்துவிட்டது. வலது ஓரம் மட்டும் இன்னும் சொட்டையாகத்தான் இருக்கிறது, கைப்பையில் பென்சில் வைத்திருக்கிறேன். அது வந்தால் இங்கேயே வந்து சொல்கிறேன்.