இல்லமும் திரையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுக்குப் பத்து வயதில் மகளும் பதினைந்து வயதில் மகனும் இருக்கிறார்கள். சினிமாவே பாவம் என்கிறார் என் மாமியார். தணிக்கைச் சான்றிதழ்தான் இருக்கிறதே, எல்லா வயதினருக்கும் உரிய ‘யு’ படம் என்றால் தாராளமாகப் பார்க்கலாம் என்கிறார் என் கணவர். விசுவாசக் குடும்பம் ஒரு படத்தை எதைக் கொண்டு நிதானிப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் மாமியார் சொல்வதைப் பழங்காலத்துப் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம்; கண் பார்ப்பது மனதில் தங்கும் என்று அறிந்தே அந்தத் தலைமுறை அப்படிப் பேசியது. ஆனால் அன்று படம் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டியிருந்தது; இன்றோ தேவசெய்தி கேட்கும் அதே கைப்பேசியில் படமும் வந்துவிடுகிறது. ஆகவே போகாதே என்று மட்டும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, தனியே இருக்கும்போது எதைப் பார்ப்பது, எதை நிறுத்துவது என்று தெரியாமல் நிற்கும்.

உங்கள் கணவர் நம்பும் சான்றிதழுக்கும் ஓர் எல்லை உண்டு. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கை வாரியம் அதை வழங்குகிறது. 1983-இல், பெற்றோரின் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் ‘யுஏ’ பிரிவு சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பிரிவையே 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரித்தது. எனினும் இந்த வயதுக் குறிப்பு பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. பதினாறு வயதுக்கென்று குறிக்கப்பட்ட படத்துக்கு உங்கள் பத்து வயது மகளை நீங்களே அழைத்துச் சென்றாலும் அது சட்டமீறல் ஆகாது. முடிவைச் சட்டம் உங்களிடமே விட்டிருக்கிறது. ஓடிடி தளங்கள் 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி தங்கள் படைப்புகளைத் தாங்களே வயதுவாரியாகப் பிரிக்கின்றன. 13 வயதுக்கும் அதற்கு மேலும் என்று குறிக்கப்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியையும் அவை தந்தாக வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். வீட்டில் தினமும் ஓடும் தொலைக்காட்சித் தொடர்களுக்கோ, படங்களுக்கு இருப்பதுபோல முன்கூட்டிய தணிக்கைச் சான்றிதழே கிடையாது.

சான்றிதழ் பெரும்பாலும் திரையில் தெரிவதை அளக்கிறது: எவ்வளவு இரத்தம், எவ்வளவு ஆபாசம், என்னென்ன வசவுகள் என்பது போல. வேதாகமத்தையே அந்த அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் தாவீது பிறன் மனைவியை அழைத்துக்கொள்கிறான். அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிடும்படி கட்டளையிட்ட கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். விபசாரமும் கொலையும் ஒரே அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகின்றன. ஆனால் தாவீதின் சாமர்த்தியத்துக்கு நாம் கைதட்டும்படி அந்தக் கதை எழுதப்படவில்லை. அவன் செய்த காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்றே அந்த அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் ஒருவன் பறித்துக்கொண்டதாக ஒரு கதை சொல்கிறான்; அதைக் கேட்டுக் கோபம் மூண்ட பிறகுதான் தாவீது தன்னைத்தானே அடையாளம் காண்கிறான். ஒரு கற்பனைக் கதைக்கு இவ்வளவு வலிமை இருப்பதால்தான் கதைகளைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எது காட்டப்பட்டது என்பதோடு நிற்காமல், எதன் பக்கம் நம்மைச் சாயவைத்தது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நம் ஊர்ப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி வேண்டாம் என்கிறாள்; கதாநாயகன் பேருந்து நிறுத்தம், கல்லூரி, அவள் வீட்டுத் தெரு என்று விடாமல் பின்தொடர்கிறான்; நண்பர்கள் சிரிக்கிறார்கள், பாட்டு வருகிறது, இடைவேளைக்குள் அவள் மனம் மாறிவிடுகிறாள். இதில் ஒரு துளி இரத்தமோ ஒரு கெட்ட வார்த்தையோ இல்லாதிருக்கலாம். ஆனால் பெண்ணின் மறுப்பை மதிக்க வேண்டியதில்லை என்பதைப் பதினைந்து வயது மகன் சிரித்தபடியே கற்றுக்கொள்கிறான். கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் கேலி செய்யும் நகைச்சுவையும் இதே வகைதான். தேவசாயலில் படைக்கப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. மாறாக, குடிப்பவனைக் காட்டி, அந்தக் குடி அவன் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதையும் மறைக்காமல் காட்டும் ‘யுஏ’ படத்தை உங்கள் மகனோடு உட்கார்ந்து பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். பத்து வயது மகளுக்கு அது இப்போது வேண்டாம்.

படம் முடிந்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள். “அந்த இடத்தில் அவன் செய்தது உனக்குச் சரியாகப் பட்டதா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைப் பிள்ளைகள் இப்படித்தான் பழக முடியும்.

கேள்வி: குடும்ப ஜெப நேரத்தில்தான் என் மனைவி பார்க்கும் தொடரும் வருகிறது. எதை மாற்றுவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தொடரைப் பிறகு ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் நேரம் பெரிய சிக்கல் இல்லை. நாத்தனாரும் மருமகளும் ஒருவரையொருவர் கவிழ்க்கச் சதி செய்வதைத் தினமும் பார்க்கும் வீட்டில், பொறாமையும் பழிவாங்கலும் இயல்பாகத் தோன்றத் தொடங்குகிறதா என்று இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள். “உன் தொடர்” என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில்தான் முடியும். கிரிக்கெட்டுக்காக நீங்கள் ஜெபத்தைத் தள்ளிவைத்த நாட்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: வேதாகமப் படங்களை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால் இந்தக் கவலையே வேண்டாம் அல்லவா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை, சகோதரி. 1995-இல் சினிமாவின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்ற அதன் மூன்று பிரிவுகளில், விழுமியத்தின் கீழ் காந்தியடிகளைப் பற்றிய 1982-ஆம் ஆண்டுப் படமும் இடம்பெற்றது. நாம் கத்தோலிக்க சபையைச் சேராதவர்களாயினும், நன்மை கிறிஸ்தவப் பெயர்ப்பலகையோடுதான் வர வேண்டும் என்பதில்லை என்று அவர்கள் கண்டது சரியே.

வேதாகமப் படத்தையும் சோதிக்கத்தான் வேண்டும். கிறிஸ்து பிறப்புப் படங்களில் சாஸ்திரிகள் மூவர் ஒட்டகத்தில் வந்து, மேய்ப்பர்களோடு மாட்டுத்தொழுவத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் மூவர் என்ற எண்ணிக்கையும் இல்லை, ஒட்டகமும் இல்லை. அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். முதலில் அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். எங்கே மாறியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.