எஃப்ஐடிக்கான ஹைட்ரஜன் சிலிண்டரையே கேரியருக்கும் பயன்படுத்தலாமா?

கேள்வி: எங்கள் கேஸ் குரோமட்டோகிராஃபில் (ஜிசி, கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) ஹீலியத்தை விட்டுவிட்டு ஹைட்ரஜனைக் கேரியர் வாயுவாக, அதாவது மாதிரியைச் சுமந்து செல்லும் வாயுவாக, வைக்க நினைக்கிறோம். எஃப்ஐடிக்கான (மாதிரியை ஹைட்ரஜன் சுடரில் எரித்து அளக்கும் டிடெக்டர்) சிலிண்டர் ஏற்கெனவே ஜிசிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதிலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதாதா?

பதில்: கேரியருக்குத் தேவையான தூய்மை இருந்தால் கிளை இழுக்கலாம். ஆனால் வாயு ஒன்றாக இருந்தாலும் அது போகும் வழி வேறு. எஃப்ஐடிக்குப் போவது சுடரில் எரிந்துவிடும். கேரியரோ சூடான ஓவனுக்குள் கேபிலரி என்ற மெல்லிய குழாய் வழியே ஓடுகிறது. பெரும்பங்கு, மாதிரி செலுத்தும் இடத்தில் உபரியை வெளியே விடும் ஸ்பிளிட் வென்ட்டில் எரியாமலே வெளியேறுகிறது. அந்த வென்ட்டையும் செப்டம் பர்ஜையும் (ஊசி குத்தும் ரப்பர் மூடிக்கு அடியில் ஓடி வெளியேறும் சிறு ஓட்டம்) குழாய் போட்டு எக்ஸாஸ்ட்டில் விட வேண்டும்.

காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் பற்றும். ஓவன் 14 லிட்டர் என்றால், அரை லிட்டருக்குச் சற்று மேல் தேங்கினால் போதும். கேபிலரி உடைந்து நிமிடத்துக்கு 100 மில்லி கொட்டினால் ஆறே நிமிடம். ஓவன் காற்றுப்புகாத பெட்டி அல்லதான். அதற்காக அந்த இடுக்குகளை நம்பக் கூடாது. குறித்த அழுத்தம் எட்டாவிட்டால் வாயுவையும் ஹீட்டரையும் தானே நிறுத்தும் கருவியா என்று பாருங்கள். குமிழ் திருகும் பழைய மாடல் என்றால், 1 சதவீதத்திலேயே வாயுவை நிறுத்தும் சென்சார் ஓவனுக்குள் இல்லாமல் மாறவே வேண்டாம்.

அறைக்கு ஆபத்து சிலிண்டரால்தான். 150 பார் அழுத்தத்தில் நிரம்பிய பெரிய சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர் வாயு இருக்கும். 60 கன மீட்டர் அறையை எரியும் அளவுக்குக் கொண்டுவர 2.4 கன மீட்டர் போதும். ஆகவே சிலிண்டரை வெளியே, சங்கிலியிட்டு நிறுத்துங்கள். ரெகுலேட்டரை ஒட்டியே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் போட்டால், உள்ளே குழாயே அறுந்தாலும் வாயு சிறுகத்தான் வரும். சிலிண்டருக்குப் பதிலாக, நீரிலிருந்து ஹைட்ரஜன் தயாரிக்கும் ஜெனரேட்டரும் உண்டு; அதில் தேங்கியிருக்கும் வாயு சொற்பம். பட்ஜெட் இடம் கொடுத்தால் நான் அதையே சொல்வேன்.

குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பழைய செம்பு நொறுங்கக்கூடியது. ரெகுலேட்டர் ஹைட்ரஜனுக்கானதே வேண்டும், மரை இடப்பக்கம் இருக்கும். தூசி போக்க வால்வைச் சட்டென்று திறந்து மூடும் பழக்கம் இங்கே கூடவே கூடாது: பீறிடும் ஹைட்ரஜன் தானே பற்றிக்கொள்ளலாம், பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது.

கேபிலரியைக் கழற்றும்போது கேரியரோடு எஃப்ஐடி ஹைட்ரஜனையும் மூடுங்கள். டிடெக்டர் முனை திறந்திருந்தால் அந்த வாயுவும் ஓவனுக்குள்தான் இறங்கும். மின்சாரம் போய் வந்தால், ஸ்விட்சைத் தொடும் முன் ஹைட்ரஜனை மூடி, ஓவன் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.