லிட்டர் விலை பார்த்து ஏமாறாதீர்கள்

கேள்வி: பெட்ரோல், டீசல் விலை ஏற ஏற பஸ் கட்டணம், லாரி வாடகை, சாமான் விலை எல்லாம் கூடவே ஏறுகிறது. எத்தனால், ஹைட்ரஜன் என்று எல்லோரும் ஒரேயடியாக மாற்று எரிபொருளுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. மாற வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்று எரிபொருள் என்றாலே மலிவு என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டுக் கேட்கிறீர்கள், தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கிற ஆல்கஹாலான எத்தனாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடும் கார், சுத்த எத்தனாலில் பத்து, பத்தரைதான் ஓடும். அப்படியென்றால் லிட்டருக்குக் கால் பங்கு விலை குறைவு என்று பம்ப்பில் எழுதிப் போட்டிருந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். பிரேசில்காரர்களுக்கு இது மனப்பாடம். அங்கே பெரும்பாலான கார்கள் இரண்டிலும் ஓடும். பம்ப்பில் வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் விலையை 0.7-ஆல் பெருக்கிப் பார்ப்பார்கள், எத்தனால் விலை அதற்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல்.

இந்தக் கணக்கை அவர்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 1973-ல் கிளம்பிய எண்ணெய் விலை சில மாதங்களிலேயே நான்கு மடங்காக, 1975-ல் பிரேசில் அரசு கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் கார் வந்துவிட்டது. குளிர்ந்த காலையில் எத்தனால் லேசில் பற்றாது என்பதால் என்ஜின் பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவில் பெட்ரோல் வைத்து, அதில்தான் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார்கள். 1980-களின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது இந்த ரகம். அப்புறம் கச்சா எண்ணெய் விலை விழுந்தது, சர்க்கரைக்கு நல்ல விலை வந்தது, ஆலைகள் சர்க்கரை பக்கம் சாய்ந்தன, 1989-ல் எத்தனாலுக்கே தட்டுப்பாடு. அரசை நம்பி அந்தக் காரை வாங்கியவர்கள் பம்ப்பில் வரிசை கட்டி நின்றார்கள். இரண்டிலும் ஓடும் கார் 2003-ல் வந்த பிறகுதான் எத்தனால் மேல் மறுபடி நம்பிக்கை பிறந்தது.

ஹைட்ரஜன் கதை வேறு. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அந்த வாயுவை அமுக்கி, சுமந்துபோய், வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக்கினால், போட்ட 100 யூனிட்டில் முப்பது சொச்சம்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நேராக பேட்டரியில் ஏற்றினால் 70-க்கு மேல் சேரும். கார், ஸ்கூட்டருக்கு ஹைட்ரஜன் கேட்பது மின்சாரத்தைக் கொட்டிக் கவிழ்ப்பது என்றே நான் நினைக்கிறேன். உர ஆலைக்கும் உருக்கு ஆலைக்கும் அது போகட்டும்.

சரி, மின்சார வண்டி? ஓட்டுகிற செலவு குறைவு, வாங்குகிற செலவு அதிகம். அதனால் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்குத்தான் போட்ட காசு திரும்பும். காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும் நகர பஸ்ஸை முதலில் மாற்றாமல், வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே எடுக்கிற சொந்தக் காருக்குச் சலுகையை வாரி வழங்குவது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. பஸ் கட்டணம் ஏறினால் அன்றாடம் அதில் வேலைக்குப் போகிறவரின் கூலியில்தான் அது கை வைக்கிறது.

எரிபொருளைத் தாண்டியும் செலவு இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை. 70 கிலோ ஆளை ஏற்றிக்கொண்டு போக ஒன்றரை டன் கார் கிளம்புகிறது. டாங்கியில் எதை ஊற்றினாலும் அந்த ஒன்றரை டன்னையும் நகர்த்தித்தான் ஆக வேண்டும். சரக்கும் அப்படித்தான். சுமை இறக்கிய லாரிக்குத் திரும்பி வர லோடு கிடைக்காவிட்டால், காலியாக வருகிற அந்த நடையின் டீசலும் போன சரக்கின் வாடகையிலேயே ஏறிவிடுகிறது, கடையில் நீங்கள் கொடுக்கிற விலைக்குள் அதுவும் இருக்கிறது.