வாசகர் கேள்வி – பதில்: மருத்துவமனைக்கு எதைக் கொடுப்பது?

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, மருத்துவமனைகளுக்குக் கொடை அளிப்பது பற்றியவை. அந்த நான்குக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்: என் கணவர் இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்து சென்ற ஆண்டு காலமானார். அவர் நினைவாக அந்த மருத்துவமனைக்கு மூன்று லட்சம் ரூபாய் தர விரும்புகிறேன். இயந்திரம் ஒன்று வாங்குவதற்குப் பங்காகக் கொடுத்து அப்பாவின் பெயரைப் பொறிக்கலாம் என்கிறான் மகன். அதைவிட அவசரமான தேவை ஏதும் இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

உங்களுக்குத் தோன்றுவதே சரியென்று நினைக்கிறேன். மகனின் ஆசையையும் குறை சொல்வதற்கில்லை. அப்பாவின் பெயர் ஓர் இடத்தில் நிலைக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைதான் நினைக்காது? ஆனால் டயாலிசிஸ் இயந்திரம் தனியாக ஓடுவதில்லை. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், பெரும்பாலும் தண்ணீராலான திரவம் அதனுள் பாய வேண்டும். நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றுக்கு 120 லிட்டர் ஆகிறது. உப்பேறிய நீர் வரும் நம் கடற்கரைப் பகுதியில், அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அமைப்பின் மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் எத்தனை புதிய இயந்திரங்கள் இருந்தும் பயனில்லை. வாரம் மூன்று முறை என்றால் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் குழாய்கள், சலைன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்று செலவு தொடரும். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக் கட்டணத்தை ஏற்றாலும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியையும் இருவரின் சாப்பாட்டுச் செலவையும் அது ஏற்பதில்லை என்பதை இரண்டு ஆண்டுகள் கூடவே இருந்த நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்குத் துணையாகப் புதுச்சேரியில் ஒரு டயாலிசிஸ் கூடத்தில் வாரந்தோறும் உட்கார்ந்திருந்தேன். மூலையில் ஓர் இயந்திரம் பச்சைத் துணி போர்த்தி நின்றது. துணியின் விளிம்புக்குக் கீழே, கொடுத்தவரின் பெற்றோர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு தெரியும். அந்த வார்டு ஆயா தினமும் அதைத் துடைத்து வைப்பார். தகடு பளபளத்தது, இயந்திரம் மட்டும் ஓடவில்லை. பழுதான ஒரு பாகத்தை மாற்றுவதற்கென்று யாரும் பணம் கொடுத்திருக்கவில்லை. வெளியே வராந்தாவில் தம் முறைக்காகக் காத்திருந்தவர்களின் வரிசை குறைந்த நாளே இல்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை (மருத்துவமனை) ஒன்றுக்கு வைத்த நிவந்தத்தை (நிரந்தரக் கொடையை) அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதையும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இன்னின்ன என்பதையும் அது பட்டியலிடுகிறது. அன்றாடச் செலவுக்கு வழிசெய்வதே முழுமையான கொடை என்று கொடுத்தவர்கள் கருதியிருக்கிறார்கள்.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பிரிவின் மருத்துவரையும் மூத்த டெக்னீஷியனையும் ஒருமுறை நேரில் பார்த்து, சென்ற ஆண்டு எந்தெந்த நாட்களில் எதனால் சிகிச்சை தடைப்பட்டது என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் மூன்று லட்சத்துக்கான இடம் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையாக இருந்தால் கண்காணிப்பாளரைக் கேட்டு, நோயாளர் நலச் சங்கத்தின் வழியாகக் கொடுக்க முடியும். தொகையை வைப்புநிதியாக வைக்கும் வசதி இருந்தால், 7 சதவீத வட்டி கிடைத்தாலும் ஆண்டுக்கு 21,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். அதை ‘டயாலிசிஸ் பிரிவின் தேவைக்கு’ என்று பொதுவாக எழுதிக் கொடுங்கள். இன்ன பொருளுக்குத்தான் என்று இறுக்கிக் கட்டிவிட்டால், ஐந்து ஆண்டுகளில் அந்தப் பொருளே வழக்கொழிந்து போகக்கூடும். உங்கள் கணவரின் பெயரை நிதிக்கும் வைக்கலாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி: ஏழை ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்தால் பலன் கண்முன்னே தெரிகிறது. ஆராய்ச்சிக்கும் கொடுங்கள் என்கிறார்களே, அது அரசின் வேலை அல்லவா?

பெரும்பகுதி அரசின் வேலைதான். நம் ஊர் ஜிப்மர் போன்ற நிறுவனங்கள் அரசுப் பணத்தில் நடப்பதால்தான் எளியவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் கொடையாளர்களின் பணம் எதைச் செய்யும் என்பதற்குத் தவளக்குப்பம் வழியாகப் போகும்போது கண்ணில் படும் அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாற்றையே பாருங்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தம் ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. புதுச்சேரிக் கிளை 2003-இல் வந்தது. மதுரையில் தொடங்கிய காலத்தில் கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ ஏழைகளுக்கு எட்டாது. பாட்டிமார்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்பியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சேவா ஃபவுண்டேஷன் முதலான அமைப்புகளின் கொடையுதவியோடு 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, அந்த லென்ஸை மதுரையிலேயே, முந்தைய விலையில் ஒரு சிறு பகுதிக்குத் தயாரித்தார்கள். அதே பணத்துக்கு வெளிநாட்டு லென்ஸ் வாங்கியிருந்தால் சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோ பயன்பெற்றிருப்பார்கள், அதோடு பணமும் தீர்ந்திருக்கும்.

ஆராய்ச்சி என்றவுடன் நுண்ணோக்கியையும் சோதனைக்குழாயையும் மட்டும் நினைக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி 1954-இல் 12 படுக்கைகளுடன் அமைத்தது அடையாறு புற்றுநோய் நிலையம். 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு அங்கேதான் பராமரிக்கப்படுகிறது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்று பல மருத்துவமனைகளுக்கும் ஆட்கள் சென்று திரட்டிய பதிவுகள் அவை. சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்துவருவதும் மார்பகப் புற்றுநோய் கூடிவருவதும் அந்தப் பதிவுகளால்தான் தெரிந்தன. எந்தப் பரிசோதனை முகாமை எங்கே நடத்துவது என்று முடிவெடுக்க இந்த விவரம் வேண்டும். சிகிச்சை முடிந்து ஐந்தாம் ஆண்டில் நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி நலம் விசாரித்து எழுதிவைக்கும் ஊழியரின் சம்பளமும் ஆராய்ச்சிச் செலவுதான், ஐயா. நீங்கள் தரும் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது அதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்: எங்கள் பகுதி மருத்துவமனை ஒன்று மின்கம்பி மாற்றவும் ஜெனரேட்டர் அறையை உயர்த்திக் கட்டவும் நன்கொடை கேட்கிறது. நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைச் சுவருக்குக் கொடுப்பதா?

கொடுக்கலாம் அம்மா, மனம் நிறைந்தே கொடுக்கலாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது தெருவெல்லாம் வெள்ளம். தரைமட்டத்தில் இருக்கும் ஜெனரேட்டரில் தண்ணீர் புகுந்தால் முதலில் நிற்பது வென்டிலேட்டரும் பச்சிளங்குழந்தைகளின் வார்மரும்தான். உப்புக்காற்றில் மின்பலகைகள் எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கும் என்பது உங்கள் வீட்டு மோட்டார் சுவிட்சைப் பார்த்தாலே தெரியும். மதிப்பீட்டுப் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முறையாக நடத்துபவர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

வாசகர், நெல்லிக்குப்பம்: அம்மா பயன்படுத்திய சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், மீதமுள்ள மாத்திரைகள் இருக்கின்றன. கொடுத்தால் வரிவிலக்கு உண்டா?

நாற்காலியையும் கான்சென்ட்ரேட்டரையும் முன்கூட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இயந்திரத்தின் ஃபில்டரை மாற்றி, வாங்கிய பில்லையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்களால் சர்வீஸ் செய்ய முடியும். வீட்டில் வைத்திருந்த மாத்திரைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பொருளாகத் தருவதற்கு வரிச்சலுகை கிடையாது. 80ஜி என்று நாம் அறிந்த சலுகை பணமாகத் தருவதற்கு மட்டுமே, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது என்பதால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, உங்கள் பான் எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.