'தி க்ரூசிபிள்': பாத்திரங்களை வசனத்தில் தேடுவது எப்படி?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய 'தி க்ரூசிபிள்' நாடகம் எங்களுக்குப் பாடம். கதை முழுவதும் தெரியும். ஆனால் பாத்திரப் படைப்பு பற்றிய கேள்விக்கு எவ்வளவு எழுதினாலும் பாதி மதிப்பெண்தான் கிடைக்கிறது. 'கதையைச் சொல்லியிருக்கிறாய், ஆராயவில்லை' என்று விடைத்தாளில் குறிப்பு வருகிறது. வசனங்களின் பழைய ஆங்கிலமும் பிடிபடவில்லை. எப்படிப் படிப்பது?

பதில்: நீங்கள் எழுதுவது எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது. 'விவசாயி ப்ராக்டர் நேர்மையானவர், அவர் வீட்டில் முன்பு வேலை பார்த்த அபிகாயில் வஞ்சகி, நீதிபதி டான்ஃபோர்த் பிடிவாதக்காரர்' என்று தொடங்கி, அதற்குச் சான்றாகக் கதையைச் சொல்லியிருப்பீர்கள். கைடுகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் நாடகத்தில் பாத்திரம் என்பது பேச்சின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. ஆகவே ஒவ்வொரு வசனத்திடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர் யாரிடம் பேசுகிறார்? எதைப் பெறுவதற்காகப் பேசுகிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்?

முதல் அங்கத்தில் அபிகாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மாமா பாரிஸ் பாதிரியார் விசாரிக்கும்போது அவள் பணிவாகப் பேசுகிறாள். காட்டில் ஆடியது வெறும் விளையாட்டு என்கிறாள். அவர் வெளியே போனதும் தோழிகளிடம் அவள் குரல் அடியோடு மாறுகிறது. வாயைத் திறந்தால் இருட்டில் வந்து பழிதீர்ப்பேன் என்று மிரட்டுகிறாள். சற்று நேரத்தில் ப்ராக்டரோடு தனியாக நிற்கும்போது கெஞ்சுகிறாள், அழுகிறாள். ஒரே அங்கத்தில் மூன்று பேச்சு. 'வஞ்சகி' என்ற ஒற்றைச் சொல்லில் அந்தக் கெஞ்சல் அடங்குமா? அடங்காது. அவளுடைய ஆசை உண்மையானது, அதனால்தான் அவள் இவ்வளவு ஆபத்தானவள் என்பது என் கருத்து. இந்த மூன்று வசனங்களையும் அருகருகே வைத்து எழுதினாலே உங்கள் பதில் ஆராய்ச்சியாகிவிடும்.

நான் மாணவர்களை எப்போதும் அதிக நேரம் நிறுத்திவைப்பது இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில். ப்ராக்டர் வயலிலிருந்து வருகிறார். மாடியில் எலிசபெத் பிள்ளைகளுக்குப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவர் அடுப்பிலிருக்கும் பானையைத் திறந்து ருசி பார்க்கிறார், போதவில்லை, தானே உப்புப் போடுகிறார். பிறகு மனைவி பரிமாற உட்கார்ந்து சாப்பிட்டு, உப்பு உறைப்பெல்லாம் சரியாக இருக்கிறது என்று பாராட்டுகிறார். அவள் முகம் மலர, மிகுந்த கவனத்தோடு சமைத்தேன் என்கிறாள். அவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும். அபிகாயிலோடு நேர்ந்த தவறுக்குப் பிறகு இந்த வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை மில்லர் ஒரு சிட்டிகை உப்பிலும் ஒரு நல்லெண்ணப் பொய்யிலும் காட்டிவிட்டார். மேடைக்குறிப்பைத் தாண்டிப் படிப்பவர்களுக்கு இது முழுவதும் தவறிப்போகும்.

அந்தக் காட்சி போகப்போக எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அபிகாயிலைத் தனியாகச் சந்தித்ததை ப்ராக்டர் தற்செயலாக வாய்விடுகிறார். அப்படியென்றால் நீங்கள் முன்பு சொன்னது வேறல்லவா என்று எலிசபெத் கேட்கிறாள். உடனே அவர் வெடிக்கிறார்: இந்த வீட்டுக்குள் வருவது நீதிமன்றத்துக்குள் வருவதுபோல் இருக்கிறது என்கிறார். நான் உங்களுக்குத் தீர்ப்பு எழுதவில்லை, உங்களை விசாரிக்கும் நடுவர் உங்கள் நெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்கிறாள் அவள். கைது செய்யும் அதிகாரிகள் இன்னும் வாசலுக்கு வரவில்லை. அதற்குள் கணவன் மனைவி பேச்சில் வழக்கு, சந்தேகம், தீர்ப்பு எல்லாம் நுழைந்துவிட்டன. பென்சிலை எடுத்து அந்தச் சொற்களை அடிக்கோடிட்டு வையுங்கள்.

அடுத்து, கேள்வி கேட்பது யார் என்று கவனியுங்கள். சேலத்தில் அதிகாரம் கேள்வி வடிவில்தான் வருகிறது. முதல் அங்கத்தின் இறுதியில், பார்படோஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண் டிட்டூபாவை ஹேல் பாதிரியார் விசாரிக்கிறார். சாத்தானுடன் உறவு உண்டா என்ற ஐயத்தைக்கூட விட்டுவிட்டு, அவன் வரும்போது கூட யார் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். சாரா குட், ஆஸ்பர்ன் என்ற பெயர்களை முதலில் எடுத்துக்கொடுப்பது ஊரின் செல்வந்தர் புட்னம். சவுக்கடிக்கும் தூக்குக்கும் அஞ்சிய டிட்டூபா சிறிது நேரத்தில் அதே பெயர்களைத் திருப்பிச் சொல்கிறாள். விசாரணையில் இருப்பவளுக்கு விடையைத் தந்தவரே அதைச் சாட்சியமாக ஏற்கிறார். இந்த ஒரு பக்கம் கைவசமிருந்தால், வெறி எப்படிப் பரவியது என்ற கேள்விக்குத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் அங்கத்தில், அபிகாயிலின் பொய்யை உடைக்க அவளோடு தவறு செய்ததை ப்ராக்டர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதும், அது உண்மையா என்று கேட்க எலிசபெத்தை அழைத்து வரும் கட்டமும் இதே முறையில் திறக்கும். டான்ஃபோர்த் ப்ராக்டரையும் அபிகாயிலையும் திரும்பி நிற்கச் சொல்கிறார்; அவளைத் தன்னை மட்டுமே பார்க்கச் சொல்கிறார். உன் கணவன் ஒழுக்கம் தவறியவனா என்று கேட்கிறார். அவள் நேராகப் பதில் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிறாள்: உடம்பு சரியில்லாமல் இருந்தேன், அவர் நல்லவர், எனக்குச் சந்தேகம் வந்தது... அவர் விடாமல் நெருக்க, கடைசியில் 'இல்லை ஐயா' என்கிறாள். பொய்யே சொல்லமாட்டாள் என்று கணவர் உறுதி கூறிய பெண், அவர் பெயரைக் காக்கச் சொன்ன அந்தப் பொய்தான் அவரைக் கவிழ்க்கிறது. அந்தச் சிறு பதிலுக்கு முந்தைய தயக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுங்கள். எலிசபெத் 'குளிர்ந்த மனம் கொண்டவள்' என்று கைடில் இருப்பதை மறுக்க இதைவிட நல்ல சான்று கிடையாது.

ப்ராக்டரைப் பொறுத்தவரை, பெயர்களைத் தொடர்ந்து போங்கள். நான்காம் அங்கத்தில் தூக்கிலிருந்து தப்ப, செய்யாத சூனியக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சம்மதிக்கிறார். ஆனால் ஊரார் மதிக்கும் மூதாட்டி ரெபெக்கா நர்ஸைச் சாத்தானோடு பார்த்தாயா என்றதும் மறுக்கிறார். என் பாவத்தை நான் சொல்வேன், அடுத்தவரை எடைபோட எனக்கு நாக்கு இல்லை என்கிறார். கையெழுத்திட்ட தாளைத் தேவாலயக் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்பதால் கொடுக்க மறுக்கிறார். அதன் பிறகே, அது என் பெயர், இன்னொரு பெயர் எனக்கு வாய்க்காது என்ற புகழ்பெற்ற முழக்கம். அந்த முழக்கத்தை மட்டும் மேற்கோள் காட்டும் விடைகள்தான் அதிகம். அதற்கு முன்னால் அவர் பிறர் பெயரைக் காத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தற்பெருமையாகத் தோன்றாது.

மொழிக்கு வருவோம். இது 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் நேர்நகல் அல்ல. பழைய ஆவணங்களின் ஓசையை வைத்து மில்லர் உருவாக்கிக்கொண்ட மொழி. ஒருமைக்குப் பன்மை வினை வரும், இரட்டை எதிர்மறை வரும், விவிலியத்தின் நெருப்பும் பனியும் வரும். இலக்கணத்தோடு மல்லுக்கட்டாமல் இரண்டு பேராக உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். முதல் அங்கம் முடிவதற்குள் காது பழகிவிடும். முதல் அங்கத்தின் நடுவே வரும் நீண்ட உரைநடைக் குறிப்புகள் ஆசிரியரின் குரல். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொதுவாக அவை கேட்காது. பின்னணிக்குப் பயன்படுத்துங்கள், பாத்திரத்துக்குச் சான்றாக வசனத்தையே காட்டுங்கள்.

வரலாற்றையும் நாடகத்தையும் கலக்க வேண்டாம். 1692-இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட கைல்ஸ் கோரி கற்பாரத்தில் நசுக்கப்பட்டு இறந்தார். எவரும் எரிக்கப்படவில்லை. உண்மை அபிகாயில் பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி, ப்ராக்டர் அறுபதை ஒட்டியவர். அவர்களுடைய உறவு மில்லரின் கற்பனை. அதேபோல் நாடகம் மேடையேறியது 1953 ஜனவரியில், அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில். மில்லர் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று பிறர் பெயரைச் சொல்ல மறுத்தது 1956-இல். தன் விசாரணையைத்தான் அவர் நாடகமாக்கினார் என்று எழுதினால் ஆண்டுக் கணக்கே இடிக்கும்.

ஒரு பாத்திரத்துக்கு நான்கு குறு வசனங்கள் மனப்பாடமாக இருந்தால் போதும். ஒவ்வொன்றோடும் யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தேர்வு நெருங்கிவிட்டால் இரண்டாம் அங்கத்தின் உணவு மேசையையும் மூன்றாம் அங்கத்தில் எலிசபெத் வரும் கட்டத்தையும் முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.