போன் இருந்தால்தான் சாப்பிடுகிறான்: முதலில் குறைக்க வேண்டியது பாலை

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. எடை 12 கிலோ 400 கிராம். போனில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். நிறுத்தினால், வாயில் இருப்பதைக்கூட விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறான். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எழுந்தவுடன், 11 மணிக்கு, சாயங்காலம், ராத்திரி படுக்கும்போது என நான்கு முறை பாட்டிலில் பால் குடிக்கிறான். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்வதே இல்லை. போனை நிறுத்திவிடலாம் என்றால், “பிள்ளை பட்டினி கிடந்து இளைச்சுப் போயிடுவான்” என்று மாமியார் வருத்தப்படுகிறார். பசி டானிக் வாங்கிக் கொடுக்கலாமா? போனை எப்படித்தான் நிறுத்துவது?

பதில்: டானிக் வேண்டாம் அம்மா. போனைத் தாராளமாக நிறுத்தலாம். ஆனால் நாளைக்கே போனைப் பிடுங்காதீர்கள். முதலில் பாலைக் குறையுங்கள், பிறகு போனை எடுங்கள். பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. வயிறு நிறையப் பால் குடித்த குழந்தையின் முன் தட்டை வைத்துவிட்டுப் போனையும் எடுத்துக்கொண்டால், அவன் சாப்பிடமாட்டான். மூன்றாவது நாள் பயந்துபோய்ப் போனைத் திருப்பிக் கொடுப்பீர்கள். இன்னும் பலமாக அழுதால் போன் கிடைக்கும் என்ற பாடம்தான் அவனுக்கு மிஞ்சும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். ஒரு பாட்டில் 200 மி.லி. என்றால், நான்கு வேளைக்கு 800 மி.லி. சர்க்கரை சேர்க்காத பாக்கெட் பாலாக இருந்தாலும் அதில் ஏறக்குறைய 500 கலோரி வரும். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே ஆயிரத்துச் சொச்சம்தான். ஆக, கிட்டத்தட்டப் பாதிச் சாப்பாடு பாட்டிலிலேயே முடிந்துவிடுகிறது. 11 மணிக்குப் பால் குடித்த பிள்ளைக்கு 12.30 மணிக்குப் பசிக்காததில் ஆச்சரியம் இல்லை. அவன் அடம்பிடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு உண்மையிலேயே பசி இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம், மற்ற உணவிலிருந்து வரும் இரும்புச்சத்தையும் உடல் சரியாக எடுத்துக்கொள்ள விடுவதில்லை. பால் கூடக்கூடச் சோறும் பருப்பும் குறையும், இரும்புச்சத்து இறங்கும். இரும்புச்சத்து குறைந்தால் பசியே மந்தமாகிவிடும். பசி இல்லாத பிள்ளைக்குப் பாலாவது போகட்டும் என்று வீட்டில் இன்னொரு பாட்டிலைக் கொடுப்பார்கள். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 அறிக்கைப்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே உங்கள் மகனுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படியானால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து சிரப் கொடுக்க வேண்டும். ரத்தம் ஏற ஏறப் பசியும் தானாகத் திரும்பும். சிரப்பைப் பாலோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரத்தசோகை இல்லாத குழந்தைக்கும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படும் பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

நீங்கள் கேட்ட பசி டானிக்கைப் பற்றி: அந்தப் பெயரில் விற்கும் சிரப்களில் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின். அது அடிப்படையில் அலர்ஜிக்கான மருந்து. பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவுகளில் ஒன்று, தூக்கக் கலக்கம் இன்னொன்று. நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கிற பொருள் இல்லை அது.

இனி எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டரை வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 13.3 கிலோ. 10.5 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று சொல்வோம். உங்கள் மகன் 12.4. உங்கள் மாமியாரிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லுங்கள். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதுக்குள் 9 கிலோ ஆகிறது. அதற்கடுத்த வருடம் இரண்டரைக் கிலோ போல ஏறும். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோதான். மாதத்துக்கு 200 கிராம்கூட ஏறாத வயதில், கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த பசி இருக்காது. “முன்னாடி நல்லா சாப்பிட்டான், இப்ப என்னவோ ஆயிடுச்சு” என்று அநேகமாக எல்லா அம்மாக்களும் வந்து சொல்வது இந்த வயதில்தான்.

போன் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஊட்டும்போது தட்டைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பாருங்கள். கண் திரையில் நிலைத்திருக்கும். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கும். உள்ளே போனது தயிர்சாதமா, புளிச்சாதமா என்று முகத்தில் ஒரு சலனமும் தெரியாது. இரண்டு மெல்லு மென்றதும் தாடை நின்றுவிடும், சோறு கன்னத்துக்கு ஒதுங்கும். நீங்கள் கட்டைவிரலால் படத்தை நிறுத்தி, “முழுங்கு, அப்பத்தான் ஓடும்” என்பீர்கள். மெல்லாமலே மடக்கென்று விழுங்குவான். பசி, ருசி, போதும் என்று வயிறு சொல்லும் சேதி எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிற வயது இது. அந்தச் சேதி மூளைக்கு எட்டாமலே தினமும் மூன்று வேளை கழிகிறது. கன்னத்தில் அடக்குவதும் இதனால்தான்.

“நாங்க நிலா காட்டி ஊட்டினோமே, அதுவும் வேடிக்கை காட்டுறதுதானே?” என்று உங்கள் மாமியார் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இடுப்பில் வைத்து நிலா காட்டியவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசினார், பதிலுக்குக் காத்திருந்தார். அவன் தலையைத் திருப்பி உதட்டை மூடினால், போதும் என்று புரிந்துகொண்டார். இந்தப் பேச்சும் பார்வையும் போனில் கிடைக்காது. பேச்சு வளர வேண்டிய வயதில் அது பெரிய இழப்பு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2 வயது வரை திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 5 வயது வரை, பெரியவர்கள் கூட இருக்க, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் ஓடிவிடுகிறது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் வாரம் போனைத் தொடாதீர்கள், ஓடட்டும். பாலை மட்டும் மாற்றுங்கள். நாள் முழுவதற்கும் சேர்த்து 400 மி.லி. போதும், எக்காரணம் கொண்டும் 500ஐத் தாண்ட வேண்டாம். முதலில் 11 மணிப் பாலை நிறுத்துங்கள், பிறகு ராத்திரிப் பாட்டிலை. மீதிப் பாலை டம்ளரில் கொடுங்கள். படுத்துக்கொண்டு பாட்டிலில் குடிக்கும் பால்தான் மேல் பற்களை முன்பக்கம் கறுப்பாக அரித்துவிடுகிறது. பாட்டிலுக்காக இரண்டு மூன்று இரவு அழுவான். தட்டிக்கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், பக்கத்திலேயே படுத்திருங்கள். இடையில் பிஸ்கட், ரஸ்க், மால்ட் பவுடர் எதுவும் வேண்டாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர ஒன்றும் கூடாது. வாரக் கடைசியில் அவனே சமையலறைக்கு வந்து ஏதாவது கேட்பான். அதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய அடையாளம்.

அதன் பிறகு போன். ஒரே நாளில் மூன்று வேளையும் வேண்டாம். அவனுக்கு நன்றாகப் பசிக்கும் வேளையை முதலில் எடுங்கள், பெரும்பாலும் அது காலை. ராத்திரிச் சாப்பாடு கடைசியில். அவனும் களைத்திருப்பான், நீங்களும் களைத்திருப்பீர்கள். ஆனால் எந்த வேளையை எடுக்கிறீர்களோ, அந்த வேளையில் போன் முற்றிலும் இருக்கக்கூடாது. சத்தத்தைக் குறைத்து வைப்பது, பாட்டு மட்டும் போடுவது எல்லாம் உதவாது. அப்பா கையிலும் போன் இருக்கக்கூடாது. ஹாலில் டிவியும் ஓடக்கூடாது. எட்டு மணி சீரியல் வீட்டில் முக்கியம் என்றால், சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றிவிடுங்கள். பெரியவர்களிடம் சண்டை போடுவதைவிட அது சுலபம்.

தரையில் பாய் விரித்து எல்லோரும் உட்காருங்கள். அவனுக்குத் தனித் தட்டு. அதில் கொஞ்சமே வையுங்கள்: அரை இட்லியைப் பிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்பூன் சாம்பார், ஒரு துண்டு வாழைப்பழம். சோறு என்றால், வயதுக்கு ஒரு மேஜைக்கரண்டி என்ற கணக்கில் இரண்டு, இரண்டரைக் கரண்டி. கேட்டால் இன்னும் போடலாம். தட்டு நிறைய மலைபோல் பார்த்தாலே பிள்ளைகள் பின்வாங்குவார்கள். அவன் கையால் அள்ளட்டும், சிந்தட்டும், காதுவரை தயிர் பூசிக்கொள்ளட்டும். “சாப்பிடு, சாப்பிடு” என்று சொல்லாதீர்கள். வேறு ஏதாவது பேசுங்கள். 20 நிமிடம், அதிகபட்சம் 30. தட்டை அவன் தொடவே இல்லையென்றாலும், முகத்தைச் சுளிக்காமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை வேறு எதுவும் இல்லை. இங்கேதான் மனசு தாங்காது, தெரியும். பத்தாவது நிமிடம் பாட்டி ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டால், அவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

பட்டினி கிடப்பானா என்ற பயத்துக்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், அப்போதுதான் பால் மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவுகளிலிருந்து விருப்பம்போலத் தேர்ந்தெடுக்கவிட்டு, ஆறு மாதம் முதல் நாலரை வருடம் வரை கவனித்தார். முடிவுகளை 1939இல் வெளியிட்டார். ஊட்டிய செவிலியர்கள் வற்புறுத்தவும் கூடாது, பாராட்டவும் கூடாது. குழந்தைகள் சாப்பிட்ட விதத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. ஒருநாள் வெறும் பழம், ஒருநாள் முட்டையாக அடுக்கல். ஆனால் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். கவனிக்க வேண்டியது, அந்த 34 வகையில் சர்க்கரையோ பலகாரமோ இல்லை. இறைச்சி, மீன், முட்டை, தானியம், காய், பழம், பால் மட்டும்தான். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்க்காமல், ஒரு வாரத்தை வைத்துப் பாருங்கள்.

“சாப்பிட்டா சாக்லேட் தரேன்” என்ற பேரம் வேண்டாம். சாக்லேட்தான் உயர்ந்தது, சோறு அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று அவன் புரிந்துகொள்வான். பூச்சாண்டி வேண்டாம். “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்பதும் வேண்டாம். அப்படிப் பயமுறுத்தப்பட்ட குழந்தை, காய்ச்சலோடு வரும்போது நாங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே விடுவதில்லை.

உணவில் இரும்புச்சத்து சேருங்கள். முருங்கைக்கீரையை உருவி, பருப்போடு மசித்துக் கொடுக்கலாம். முட்டை, நெத்திலி, ஈரல், நன்றாக வேகவைத்த ஆட்டுச் சுவரொட்டி எல்லாம் நல்லவை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். சைவம் என்றால், கூடவே எலுமிச்சைச் சாறு பிழிந்த பருப்போ, கொய்யாத் துண்டோ, நெல்லிக்காயோ இருக்கட்டும். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். டீ கொடுக்கவே கூடாது. புதுக் காய் ஒன்றை அவன் ஏற்க 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். துப்பினால், நான்கு நாள் கழித்து அதையே ஒரு சிட்டிகை திரும்ப வையுங்கள்.

முழு வேர்க்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை ஆகியவற்றை 4 வயது ஆகும்வரை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிய வேர்க்கடலையை எடுக்க மயக்க மருந்து கொடுத்துத்தான் குழாய் விட வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டோ, படுத்துக்கொண்டோ, அழும்போது திணித்தோ எதையும் ஊட்டக்கூடாது.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த முறையைத் தொடங்காமல், முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எடை இறங்குவது, ஆறு மாதமாக ஏறாமலே இருப்பது. கட்டியாக எதைக் கொடுத்தாலும் குமட்டி வாந்தி எடுப்பது. மண், சுண்ணாம்பு, பச்சரிசி தின்பது. நாள்கணக்கில் மலம் கழிக்காமல் இருப்பது. மலச்சிக்கலே பசியைக் கெடுத்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது, கண்ணைப் பார்க்காதது, ஒரே நிறத்திலோ ஒரே விதத்திலோ உள்ள உணவை மட்டும் ஏற்பது. கடைசியில் சொன்னவற்றுக்கு மாவட்ட அரசு மருத்துவமனைகளில் உள்ள டி.இ.ஐ.சி. மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மையம்) இலவசமாகப் பரிசோதிப்பார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் வாரத்திலும் பழக்கம் மாற்ற முயல வேண்டாம்.

அவன் எடையைத் தினமும் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில், அதே தராசில், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று புள்ளிகள் சேர்ந்ததும், அட்டையின் கோடு எப்படிப் போகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.